எந்த மூன்று மணி?

லெலிஸே குதேதா காபி குடிப்பதில்லை. காபி விளையும் ஜிம்மாவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் அவள் வயிற்றைப் பற்றி விசாரிப்பார்கள், பிறகு அவளை வளர்த்தவர்களைப் பற்றி. அவளுக்கு டீ போதும். அதையும் சர்க்கரை போடாமல் குடித்துவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவளைப் போல டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. படித்ததென்னவோ புள்ளியியல். கணினிப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. “இடம் கெடச்சவங்கல்லாம் இப்ப தலைநகர் அடிஸ்ல பேங்க்ல உக்காந்து டோக்கன் குடுக்கறாங்க. கம்ப்யூட்டரப் பாத்துக்கறது நான்தான்” என்பாள். அவளிடம் தன்னடக்கம் இருப்பதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

தலைநகரில் ஏதோ ஓர் அலுவலகம் மாற்றிப் போட்ட சர்வர் ஒன்று கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் முதல்வர் வாக்ஜிரா அதன் தலையில் ஒரு பூஜாடியை வைத்தார். ஜாடியை இறக்கியவள் லெலிஸே. ஆய்வகத்துக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரே மென்பொருளைத் தனித்தனியாக வெளியிலிருந்து இழுத்து, நூல் போலிருந்த இணைய இணைப்பை நாள்தோறும் அறுத்துக்கொண்டிருந்தன. ஒரே தடவை இழுத்து இங்கேயே சேர்த்து வைத்து, கேட்கிற கணினிக்கெல்லாம் இங்கிருந்தே கொடுக்கலாமே என்றாள்.

“மென்பொருள் களஞ்சியம், ஓப்போ.” அங்கே மரியாதைக்குரிய ஆண்கள் எல்லோரும் ஓப்போதான்.

“களஞ்சியமா? சோளம் கொட்டி வைப்போமே, அதுவா?”

“அதேதான். சோளத்துக்குப் பதிலா பொதி. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியா வரும்.”

“பொதின்னா கழுத யாரு?”

“இந்த சர்வர்தான்.”

“நல்லவேள. என்னையச் சொல்றியோன்னு பாத்தேன்.”

கல்லூரி ஆளில்லாமல் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு இணைப்பையும் தனக்கே எடுத்துக்கொண்டு பொதிகளை இறக்கினாள். தேவையானவற்றை மட்டும் பொறுக்கிப் பிரித்து அடுக்கினாள். கேட்கிற கணினிக்கு எடுத்துக் கொடுக்க வலைச் சேவையை நிறுவினாள். களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியலில் மின்னொப்பம் இடவேண்டும். யார் ஒப்பமிட்டது, எப்போது இட்டது என்று இரண்டையும் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் கணினி ஒரு பொதியையாவது தொடும். கல்லூரியின் பெயரில் ஒப்பம் இருக்கட்டும் என்றார் முதல்வர். அவள் தன் பெயரில் வைத்தாள்.

“கல்லூரிக்குக் கை ஏது ஓப்போ? கையெழுத்துப் போடறது ஆளு.”

அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் வேலை நன்றாக நடந்தது.

ஜூன் மழையில் ஒருநாள் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது சர்வர் தன் கடிகாரத்தை மறந்திருந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. லெலிஸே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். முள் ஒன்பதில் நின்றது. இந்த ஊரில் விடியலிலிருந்து மணி எண்ணுகிறார்கள், கணினி நள்ளிரவிலிருந்து எண்ணுகிறது. நடுவே ஆறு மணி. நடக்கும்போது எந்தக் காலை முன்னே வைப்பது என்று யோசிக்காததைப் போல, இந்தக் கூட்டல் கழித்தலையும் இங்கே யாரும் யோசிப்பதில்லை. ஒன்பதும் ஆறும் பதினைந்து. தட்டிவிட்டாள். புதுப் பட்டியல் போட்டு ஒப்பமிட்டாள். சர்வரிலேயே ஒரு பொதியை நிறுவிப் பார்த்தாள். சமர்த்தாக நிறுவிக்கொண்டது.

ஆய்வகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

“பட்டியலை ஏற்க முடியவில்லை” என்று ஒரு சின்னச் சன்னல் வந்து மறைகிறதாம். ஆய்வக ஆசிரியர் டோலஸா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்.

“எங்கிட்ட ஓடுது. அவரோட கேபிளப் பாக்கச் சொல்லு” என்று பதில் போனது. டோலஸாவும் அவளும் ஒரே வேலைக்கு மனுப்போட்டவர்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது, ஆய்வகம் அவருக்கு. அதன்பின் அவள் ஆய்வகத்துப் பக்கம் கால் வைத்ததில்லை.

ஆனால் அன்று பிற்பகல் எல்லாக் கணினிகளும் தாமாகவே ஓடின. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் புதுப் பட்டியல் போட்டதும் மறுபடி மக்கர். பிற்பகலில் மறுபடி ஓட்டம். இப்படியே வாரக்கணக்கில் நடந்தது. காரணம் கண்டுபிடித்தவர் டோலஸா. கல்லூரிச் சிற்றுண்டிக் கூடத்தில் ஸைனபா அத்தே மதியத்துக்குமேல் சாம்பிராணி போட்டு, கரியடுப்பில் காபி வைப்பாள். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் பெயர் பரக்கா, அதில்தான் ஆசீர்வாதம் இறங்கும். சர்வரும் அந்தச் சுற்றுக்குப் பிறகுதான் கண் திறக்கிறது.

“மெஷினுக்கும் நாக்கு இருக்கு. உனக்குத்தான் இல்ல” என்றாள் ஸைனபா.

“அத்தே, அது இரும்பு.”

“இரும்போ எலும்போ, எம் பரக்கா குடிச்சாத்தான வேல செய்யுது? இன்னிக்கு நம்ம ஊர் வழக்கப்படி உப்புப் போட்டு வைக்கறேன், சீக்கிரமா எந்திரிக்குதான்னு பாரு.”

மாணவர்கள் சர்வருக்குப் பரக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காபி குடிக்காத ஒருத்தி கட்டிய களஞ்சியம் காபியால் ஓடுகிறது என்ற செய்தி கடைத்தெருவரை போயிற்று. லெலிஸே மின்னொப்பச் சாவியை இரண்டு முறை மாற்றினாள். ஆய்வகத்துக்கு மட்டும் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. ஸெலெக்கே என்ற அதிகாரி வருகிறார். களஞ்சியம் ஒழுங்காக ஓடினால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்தே பொதி போகும். ஓடாவிட்டால் சர்வர் நெகெம்தேக் கல்லூரிக்குப் போகும். வெள்ளிக்கிழமை, மூன்று மணி.

வியாழனன்று முதல்வர் அறையில் ஒரே விவாதம்.

“எந்த மூணு? நம்ம மூணா, அவங்க மூணா?” என்றார் வாக்ஜிரா.

“ஆபீஸ் ஆளு, அவங்க மூணாத்தான் இருக்கும். மத்தியானம்” என்றார் டோலஸா. “அப்படி இருந்தாத்தான் நமக்கும் நல்லது. பரக்கா குடிச்சு முடிச்சிருக்கும்.”

“அவர் கோஜாம்காரர்யா, ஊர்க் கணக்குலதான் பேசுவார். நம்ம மூணுன்னா காலையிலயே வந்து நிப்பார்.”

“அப்ப சர்வர நெகெம்தேக்குக் கட்டி அனுப்புங்க. காலையில அது எந்திரிக்காது. ஆறு மணி நேரம் கழிச்சு வாங்கன்னு அதிகாரிகிட்ட நீங்களே சொல்லுங்க.”

சன்னலோரம் நின்றிருந்த லெலிஸே டீயைப் பாதியில் வைத்தாள்.

“எத்தன மணி நேரம்?”

“ஆறு. உனக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கணுமா?”

அவள் வராந்தாவைத் தாண்டி, இத்தனை நாள் மிதிக்காத வாசலை மிதித்து ஆய்வகத்துக்குள் போனாள். முதல் கணினியில் அந்தச் சின்னச் சன்னலை மூடிவிட்டு, கட்டளையைத் தானே தட்டினாள். சன்னல் சுருக்கிச் சொன்னதைக் கணினி இப்போது முழு வாக்கியமாகச் சொன்னது: இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதாவது, லெலிஸே குதேதா இன்னும் வராத ஒரு பிற்பகலில் உட்கார்ந்து ஒப்பமிட்டிருக்கிறாள். இந்தக் கணினிகள் பிற்பகல் வரும்வரை மரியாதையாகக் காத்திருந்திருக்கின்றன. சர்வரோ அதே தப்பான கடிகாரத்தில் வாழ்வதால் அதற்கு எதுவும் உறுத்தவில்லை.

சர்வர் அறைக்குத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே எல்லோர் வீட்டுக் கடிகாரத்திலும் முள் எங்கே நிற்குமோ அதற்கு நேர் எதிரே நின்றது. இரண்டு கணக்கிலும் வாழ்ந்து பழகியவளுக்கு முள் எந்தப் பக்கம் நின்றாலும் நேரம் புரிந்துவிடும், பார்த்த கண்ணில் தைக்காது. அன்று காலை ஏற்கெனவே உலகக் கணக்கில் ஒன்பது காட்டிய கடிகாரத்தோடு கை தன்பாட்டில் இன்னோர் ஆறைக் கூட்டியிருக்கிறது. ஊர்க் கணக்குத் தெரியாதவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

பின்னாலேயே வந்த முதல்வரிடம் கேட்டாள்.

“இந்தக் கடிகாரத்தத் திருப்பினது யாரு ஓப்போ?”

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “நான்தான். சர்வர் ரூமாச்சே, உலகக் கணக்குல இருக்கட்டும்னு வச்சேன். உம்மேல உள்ள மரியாதைக்கு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“அந்த வாரந்தான நான் உங்கூடப் பேசல?”

கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடம் ஒரு பொத்தான் பேட்டரி வாங்கி வந்து சர்வருக்குள் பொருத்தினாள். நேரத்தைச் சரிசெய்து, புதுப் பட்டியல் போட்டு ஒப்பமிட்டாள். பிறகு, ஆளனுப்பாமல், தானே ஆய்வகத்துக்குப் போனாள்.

“டோலஸா, ஒங்க கேபிள் நல்லாத்தான் இருக்கு.”

டோலஸா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “எனக்கு அது மொதல்லயே தெரியும். உங்கிட்டருந்து கேக்கத்தான் இத்தன நாளு ஆச்சு.”

ஸெலெக்கே கோஜாம்காரராகத்தான் வந்தார். வெள்ளிக்கிழமை, நம்ம மூன்று, வெயில் ஏறாத காலை. கூடத்தில் அடுப்பே பற்றவைக்கவில்லை. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. லெலிஸே அதிகாரியை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், வெளி இணைப்பின் கம்பியை அவர் கையிலேயே கொடுத்தாள்.

“பிடுங்குங்க.”

“பிடுங்கினா நின்னுடுமே?”

“பிடுங்கிப் பாருங்க.”

பிடுங்கினார். அறை முழுக்கக் கணினிகள் பொதிகளை இறக்கிக்கொண்டே இருந்தன, வாய்க்கால் அடைத்த பிறகும் ஊற்றில் நிரம்பும் கிணற்றைப் போல. ஸெலெக்கே கம்பியின் நுனியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல யாரும் கை வைக்கலன்னு நான் எப்பிடி நம்பறது?”

அவள் ஒரு வரி தட்டினாள். ஒப்பம் சரியானது என்று திரை சொன்னது. பக்கத்திலேயே பெயர்: லெலிஸே குதேதா.

“இது யாரு?”

அறையிலிருந்த அத்தனை பேரும் கை நீட்டினார்கள். டோலஸாவின் கை சற்றுத் தாமதமாக, ஆனால் நேராகவே நீண்டது.

“நம்ம கல்லூரிதான் சார்” என்று தொடங்கினார் வாக்ஜிரா.

“நான்தான்” என்றாள் லெலிஸே.

சர்வர் எங்கும் போகாது என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின்தான் ஸைனபா அவசர அவசரமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

“குடிக்காமலே எந்திரிச்சிருச்சா?” அவள் குரலில் நம்பிக்கைத் துரோகம் இருந்தது.

“எந்திரிச்சிருச்சு அத்தே.”

“நன்றி கெட்டது. உன்ன மாதிரியே.”

இப்போது நெகெம்தே உட்பட இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் அந்தக் களஞ்சியத்திலிருந்துதான் பொதி எடுக்கின்றன. எந்தக் கணினியிலும் ஒப்பத்தைச் சோதித்துப் பார்த்தால் வருவது ஒரே பெயர். காபி வைத்தாயிற்றா என்று மட்டும் இன்னமும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். நேற்றும் நெகெம்தேயிலிருந்து ஒருவர் போன் செய்து, மூன்று மணியிலிருந்து பொதி வரவில்லை என்றார்.

“எந்த மூணு?” என்று அவள் கேட்டாள். அவர் யோசிக்க ஆரம்பித்ததும், “முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

சர்வர் அறையின் சுவர்க் கடிகாரத்தை அவள் மாற்றவில்லை. பக்கத்திலேயே ஊர்க் கணக்கில் இன்னொன்றை மாட்டினாள். இரண்டும் எப்போதும் எதிரெதிராகத்தான் நிற்கும். எது எந்தக் கணக்கு என்று அடியில் எழுதி ஒட்டச் சொன்னார் முதல்வர்.

“வேண்டாம் ஓப்போ,” என்றாள் லெலிஸே. “அது தெரியாதவங்களுக்கு இந்த ரூம்ல என்ன வேல?”