ரத்தினபாய்க்காக ஜெபித்தார்கள்

கிழக்குத் தாம்பரத்தில் டீச்சராக இருந்த ரத்தினபாய்க்கு வருஷக்கணக்காக நெஞ்சில் பாரம். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. வகுப்பில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிடுவாள். வலிப்பு வந்து வந்தே அவளுடைய ஒரே மகன் இறந்ததிலிருந்து இப்படித்தான். வேலைக்கே ஆபத்து என்றான பிறகுதான் கணவர் ஐசக் அவளை மாம்பலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அது எழுபத்து மூன்றாம் வருஷம்.

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் லண்டனில் படித்தவர். அந்த ஊர் வைத்தியம் நம் ஜனங்களுக்கு ஒத்துவராது என்பார். நல்ல மனுஷர்தான், அதுதான் வினை. தமிழில் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்பார்.

மாதக்கணக்கில் நெஞ்சுவலியைப் பற்றியே பேசிய ரத்தினபாய், ஒருநாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அவன் மூச்சு நின்னப்போ எனக்கு அப்பாடான்னு இருந்தது டாக்டர்.”

அது பாவமில்லை, அத்தனை வருஷம் கண்விழித்த உடம்பின் களைப்பு என்றார் அவர். அன்று ரயிலில் திரும்பும்போது அவள் வேர்க்கடலை வாங்கித் தின்றாள். அந்த வாரம் வகுப்பில் பிள்ளைகளோடு சிரித்தாள். ஐசக்கே அசந்துபோனார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ஊரில் யாரும் தனியாள் இல்லை, குடும்பமும் சேர்ந்தால்தான் குணமாகும் என்பது டாக்டரின் கொள்கை. கிறிஸ்தவர்களுக்குச் சபைதானே எல்லாம் என்று அவராகவே முடிவுகட்டினார். ஐசக்கைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சபையாரின் ஆதரவையும் தேடச் சொன்னார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ரத்தினபாய் காபி டம்ளர்களோடு வரும்போது ஐசக் எழுந்து நின்றார்.

“நம்ம பையன் செத்தப்போ ரத்னா சந்தோஷப்பட்டாளாம். கர்த்தர் அவளை மன்னிக்கணும். எல்லாரும் பாரத்தோட ஜெபிங்க.”

எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அவள் பேரையும் பிள்ளையின் பேரையும் சொல்லி உரக்க ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டு கிருபா அழுதேவிட்டாள். ஆனால் வழக்கமாக ரத்தினபாயின் மடியில் விடும் கைக்குழந்தையை அன்று தன் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த தலைமையாசிரியை திங்கட்கிழமை ரத்தினபாயைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து மாற்றிவிட்டார்.

அடுத்த முறை டாக்டர் ஆவலோடு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லாயிருக்கேன் டாக்டர். இனிமே வர வேண்டாமில்ல?”

வேண்டாம் என்றார் அவர், முகமெல்லாம் பூரிப்பு. வெளியே பெஞ்சில் கழுத்தில் சிலுவைச் செயினோடு ஒரு பெண் தன் கணவரோடு காத்திருந்தாள். உள்ளே போய் வாயைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லிவிட ரத்தினபாய்க்கு மனசு துடித்தது. அதற்குள் டாக்டர் கதவைத் திறந்து, அந்தப் பெண்ணின் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.