ஊசி நிற்கக் கூடாது

என் வீட்டுக்காரரோடு முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் எதை எங்கே ஒளித்து வைப்பார், எதற்கு எப்படி மழுப்புவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட நானே ஒரு மாதம் முழுசாக ஏமாந்திருக்கிறேன் என்று இன்று நினைத்தாலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தில், நிலத்துக்கடியில் பாறையில் துளை போட்டுத் தூசியைச் சுவாசித்தவர். கீமோவுக்குக் கட்டி அசைந்து கொடுக்கவில்லை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே நோயை அடிக்க வைக்கும் புது ஊசி ஒன்றை ஆராய்ச்சிக்காகச் சிலருக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்து அவரைச் சேர்த்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. வெளியே வாங்கிப் போடுவது எங்களால் ஆகாத காரியம். ஆராய்ச்சியில் பெயர் இருக்கும்வரைதான் மருந்து.

எங்கள் மைன்ஸ் லைன் வீடுகளில் இதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜெபம் பண்ண வருகிறவர்கள், "எதிர்ப்பு சக்திக்குத்தானே டீச்சர், அதுக்கு எதுக்கு பெங்களூரு? கஷாயம் குடுங்க, போதும்" என்பார்கள். முதல் இரண்டு பேருக்குப் பொறுமையாக விளக்கினேன். மூன்றாவது ஆளிடம் கஷாயத்தை அவரையே குடிக்கச் சொன்னேன்.

டாக்டரம்மா கன்னடக்காரர், சின்ன வயசு. எங்களிடம் தமிழிலேயே பேசுவார். "இந்த மருந்து கட்டியை நேரா அடிக்காது. உங்க ரத்தத்துல இருக்கிற காவல்காரங்களைத்தான் தட்டி எழுப்பும். எழுந்தவங்க கட்டியை மட்டும் அடிச்சிட்டு நிக்க மாட்டாங்க. சில பேருக்குக் குடலை அடிப்பாங்க, சில பேருக்கு நல்ல நுரையீரலையே அடிப்பாங்க. அதனால வயிறு போனாலோ மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே எங்களுக்குப் போன் வரணும். மறைச்சா உயிருக்கே ஆபத்து." உடம்பில் என்ன கோளாறு என்று தினமும் எழுதச் சொல்லி ஒரு நோட்டும் கொடுத்தார். இவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பலமாகத் தலையாட்டினார். பரவாயில்லை, மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

நாலாவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். எனக்கு வராண்டாவில் நின்று அழத்தான் தெரிந்தது. இவர் கேன்டீனில் இரண்டு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பெங்களூர் போக எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் இவர் கக்கூஸுக்குப் பக்கத்துச் சீட்டைத் தேடிப் போக ஆரம்பித்தார். கேட்டால், "அங்கதான் காத்து வருது" என்பார். வேலைக்குப் போகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் இடத்தில் இவருக்கு மட்டும் காற்று வருகிறதாம். நானும் நம்பினேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் நோட்டைத் திறப்பார். மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார். நாலு நாள் நீலப் பேனா, மூன்று நாள் கறுப்புப் பேனா. முப்பது வருஷம் வீட்டுப்பாடம் திருத்திய எனக்கு முன்னாலேயே! சோம்பேறித்தனம் என்றுதான் திட்டினேன். திருட்டுத்தனம் என்று தோன்றவில்லை.

ஒரு நாள் ராபர்ட்சன்பேட்டையில் என் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் மீதியைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"சாருக்கு வயிறு போறது நின்னுச்சா டீச்சர்? நாலு அட்டை மாத்திர வாங்கினு போனாரு. இன்னும் நிக்கலன்னா டாக்டராண்ட காட்டுங்க."

நான் வாங்கிய மாத்திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

இவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"இன்னா எத்தினி நாளா?"

"மருந்துக்கடையில எல்லாம் சொல்லிட்டாங்க."

பேப்பரை மடித்தார். "ஒரு மாசமா. நாளைக்கு ஆறேழு தபா போவுது. மாத்திர போட்டா கொஞ்சம் நிக்குது."

"ரத்தம்?"

"எப்பனா."

"டாக்டர் அவ்ளோ படிச்சுப் படிச்சு சொன்னாங்களே! ஏங்க சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. அன்ஃபிட்டுனு எழுதிட்டா எழுதினதுதான். நாங்க எத்தினி பேரப் பாத்துருக்கோம். உனுக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியாதா என்ன? மைன்ஸ் ஓடிய காலத்தில் மெடிக்கல் செக்கப்புக்கு முந்தின நாளே எங்கள் லைன் முழுக்க மிளகு வாசனை அடிக்கும். இருமலை அடக்க வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். நெஞ்சு சரியில்லை, அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் மறுநாள் ஷிஃப்ட்டுக்குச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற முடியாது, வேலை போச்சு. அதனால் டாக்டருக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனும் வாயைத் திறக்க மாட்டான். மைன்ஸை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மனுஷன் இன்னும் அந்த வரிசையிலேயே நிற்கிறார். உயிரைக் காப்பாற்ற வந்த டாக்டரம்மாவை வேலைக்கு ஆள் பொறுக்குகிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டேன்.

அவர் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அன்றைக்கே காரில் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் தமிழெல்லாம் போய்க் கன்னடத்திலேயே பொரிந்து தள்ளினார். குடல் முழுக்க வெந்து கிடந்ததாம், மாத்திரை அதை மூடி மறைத்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும். கிளர்ந்தெழுந்த காவல்காரர்களை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். எதிர்ப்பு சக்தி ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

இவர் சொன்னது அப்படியே நடந்தது. "சந்தோசமா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அதற்கப்புறம் நாலு நாள் வார்டில் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரி. நூறு தரம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நாலு நாளும் சுருங்கிய கட்டி மறுபடி வளர்கிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. போன் செய்த கையை வெட்டிப் போடலாமா என்றுகூட இருந்தது.

ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். ஊசி இல்லாமலேயே கட்டி வளராமல் இருந்தது. சில பேருக்கு அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டரம்மா. ஆனால் எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

"வயிறு முழுசா சரியாகியிருந்தா இன்னைக்கே திரும்ப ஊசி ஆரம்பிக்கலாம். எங்க குழுவுல அனுமதி வாங்கிட்டேன்" என்றார். பிறகு இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவரை நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்கம்மா. இப்ப வயிறு எப்படி இருக்கு?"

அன்று விடியற்காலையிலிருந்து கிளம்பும்வரை எங்கள் வீட்டுப் பின்பக்கக் கக்கூஸின் தகரக் கதவு நாலு முறை சாத்தப்பட்டது. சமையலறையில் நின்று நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்றைக்கே என்ற அவருடைய வார்த்தை மட்டும்தான் என் காதில் நின்றது.

"நல்லா இருக்காரு டாக்டர். ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"காலைலருந்து நாலு தபா ஆச்சும்மா. இவளுக்குத் தெரியாது."