அறுநூறு மூக்குக்கண்ணாடியும் நான் கழுவிய கழுவலும்

எங்கள் சபையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். பிறகு அதையே திறப்பாள். முப்பத்திரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தவள். அவளைப் பற்றிச் சபை மலருக்கு எழுத என்னைக் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கி, இன்று நாலு லாரிக்கு முதலாளி. பேனாவுக்கா பயப்படுவேன்?

கடல் தாண்டி ஒரு தீவில் எங்கள் சபை உதவும் ஆஸ்பத்திரி இருக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் கண் டாக்டர் வந்து பவர் எழுதிக் கொடுப்பார். வாங்கிப் போட அங்கே கண்ணாடி கிடையாது. இதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய கண்ணாடி அறுநூறு சேர்த்தாள். ஆறு மாதம், கடை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில், கடை மெஷினில் ஒவ்வொன்றாகப் பவர் பார்த்து, துண்டுச்சீட்டில் எழுதி, காதில் மாட்டும் கம்பியில் பசை போட்டு ஒட்டினாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் துறைமுகம் சேரவேண்டும். லாரி என்னுடையது. புதன்கிழமை பெட்டிகள் என் கிடங்குக்கு வந்தன. திறந்தால் ஒரே வியர்வைப் பிசுக்கு. பழைய சட்டையைக்கூட இஸ்திரி போட்டு அனுப்புகிற சபை எங்களுடையது. இதை இப்படியே அனுப்புவதா? டப்பில் சோப்புத் தண்ணீர் கரைத்து, ஆட்களோடு நானும் உட்கார்ந்து அறுநூறையும் கழுவினேன். சீட்டுகள் கூழாகிப் போயின. அதில் இருந்த எண்களைக் கொடுத்தவர்களின் வீட்டு நம்பர் என்று நினைத்துவிட்டேன்.

வியாழன் காலை வந்தாள். "அண்ணே, சீட்டெல்லாம் எங்க?"

"எல்லாம் கழுவியாச்சும்மா. பாரு, முகம் பாக்கலாம்!"

டப்பைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அங்குமிங்கும் நடந்தாள், அவ்வளவுதான்.

போதகர் வந்து சமாதானம் சொன்னார். "விடும்மா. அறுநூறுன்னு சபையில அறிவிச்சாச்சு. தீவுல இருக்கிறவங்களே போட்டுப் பாத்து எடுத்துக்கட்டும்."

"டாக்டர் இருக்கிறது ஒரு வாரம் ஐயா. அறுநூறையும் ஒவ்வொரு மூக்கா மாட்டிப் பாத்துட்டிருப்பாரா?" என்றவள், தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இதப் போட்டுட்டு அந்தப் படியில இறங்குங்கண்ணே."

முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்குப் படி ஒரு விஷயமா? இறங்கினேன். இல்லாத படியில் கால் வைத்து டப்புக்குள் உட்கார்ந்தேன். ஆட்கள் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள். முதுகுகள் மட்டும் குலுங்கின.

கடையிலிருந்து மெஷின் வந்தது. இரவும் பகலுமாக அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுதி நூலால் கட்டினேன். அவளுடைய முழங்கால் ஓயாமல் ஆடியது. கூடவே மேஜையும், என் எழுத்தும்.

"என்னண்ணே, கோழி கிண்டின மாதிரி இருக்கு?"

"உன் காலை நிறுத்தும்மா, கோழி நிக்கும்."

சனிக்கிழமை பத்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். மிச்சத்தையும் ஏற்றச் சொன்னார் போதகர். அவள் மிச்சம் இருந்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அறிவிச்சது நீங்க. மாட்டிட்டு நடக்கப்போறது அவங்க."

அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். லாரி நானூற்றுப் பன்னிரண்டோடு போனது.

ஞாயிறு அறிவிப்பில் எண்ணிக்கை வந்ததும் போதகர் தொண்டையைச் செருமினார். நான் எழுந்தேன். "நானூத்திப் பன்னெண்டு. மிச்சத்தக் கெடுத்தது நான்தான்." இப்படி எழுந்து சொல்ல எங்கள் சபையில் வேறு எந்த முதலாளிக்குத் தைரியம் வரும்?

அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். ஆசீர்வாத ஜெபம்கூட முடியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நூத்தி எண்பத்தெட்டு இருக்குண்ணே," என்றாள். "பேனா இருக்கா?"