வலது இடுப்பில் ஒரு துவக்கு

பதினான்கு மாதங்கள் என் வலது இடுப்பில் ஒரு கைத்துவக்கு இருந்தது. அதைச் சுட்டு நான் ஒரு காகத்தைக்கூட வெருட்டவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் வட்டைவிதானையாக இருந்தேன். வயற்காரர்கள் கூடித் தெரிவு செய்து, வாய்க்கால் மதகைத் திறக்கும் துருசுச் சாவியைக் கையில் தந்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கச் சொல்லும் வேலை அது. சாவியைத் தரும்போது எல்லோரும் சிரித்த முகமாகத்தான் தருவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் அதே ஆட்கள் விதானையின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன. அதிலொன்று என் மச்சானுடையது, அதாவது என் மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணனுடையது. கூட்டத்தில் அவர் எழும்பி, நான் தலைமடைக்காரர்களிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திறப்பதாகச் சொன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால். நானும் சும்மா இருக்கவில்லை. வரம்பு கட்டத் தெரியாதவனுக்கு ஆறே வந்தாலும் போதாது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அவர் எனக்கு யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படிப் போய், அந்த வளவில் யாரையும் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற என்னை, மறுநாள் காலையிலேயே சைக்கிளில் ஏற்றிக் காரைதீவுச் சந்திக்குக் கொண்டுபோய்த் தேத்தண்ணி வாங்கித் தந்தவர் அவர். பதினொரு வருஷம் ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

கூட்டம் நடந்து பத்தாம் நாள் கதவிடுக்கில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. நீ வாய்க்காலில்தான் மிதப்பாய் என்று ஒரே வரி. நான் பயந்துபோனேன். மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிக்கு இரண்டு தரம் அலைந்து லைசன்ஸ் எடுத்தேன். சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துரையிடம் துவக்கை வாங்கினேன். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. துவக்கு வைத்திருக்கும் விதானை என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும், எழுதியவன் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன்.

வாங்குவது லேசு. உடம்பில் வைப்பதுதான் பெரும்பாடு. முன்னால் செருகினால் வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையைப் பார்க்கக் குனியும்போது வயிற்றில் குத்தியது. பின்னால் செருகினால் சைக்கிளில் முதுகடி நாரி முறிந்தது. சாறனுக்கு மேலே கட்டும் அகல வார் அதன் பாரத்தைத் தாங்காமல் சரிந்தது. கடைசியில் மருதமுனையில் ஒரு நெசவாளரிடம் போய், நாரிவலிக்குக் கட்ட வேண்டும் என்று பொய் சொல்லி, நான்கு விரற்கிடை அகலத்தில் இறுக்கமாக ஒரு பட்டி நெய்வித்தேன். அதை உள்ளே சுற்றி, வலது இடுப்பில் துவக்கைச் செருகி, மேலே வாரைக் கட்டி, அதற்கு மேலே கோட்டுப் போட்டேன். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும் ஆடி மாதத்திலும் கோட்டுத்தான். வீரமுனைப் பக்கத்து வயற்காரர்கள், விதானையார் லண்டனுக்கா போகிறார் என்று கேட்டுச் சிரித்தார்கள். நெசவாளர் நல்ல மனுசன். என் நாரிவலிக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்பதாகவும் சொல்லி, ஒரு போத்தல் எண்ணெயும் அனுப்பியிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. பழகாதது மற்றதெல்லாம். என் கடைசி மகள் ஓடிவந்து மடியில் விழுகிற பிள்ளை. இரண்டு மூன்று தரம் கையை நீட்டித் தடுத்தேன். பிறகு அவள் வரவில்லை. கல்யாண வீட்டுச் சஹனில் ஆறு பேர் தொடையோடு தொடை முட்டி உட்கார வேண்டும். வயிறு சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். பள்ளிவாசல் தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். நான் கடைசி வரிசையில், வலப்பக்கச் சுவரோடு ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டேன். நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போகும்போது இரும்பு விலாவில் அமர்ந்து, அல்லாஹ்வுக்கு முன்னாலும் நீ ஒளித்துத்தான் வைத்திருக்கிறாய் என்று ஞாபகப்படுத்தும். மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அது ஒங்கட இடுப்புல இரிக்கிற மட்டும் நீங்க எங்களோட இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே சுமக்கிறேன் என்று கத்தினேன். அன்றிலிருந்து என் பாய் தனியாகத்தான் விரிந்தது. அந்த வீட்டில் நான்தான் மிகப் பாதுகாப்பான ஆள். அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளின் காதுகுத்துக்கு மச்சான் தன் கையால் எழுதித் தந்த சாமான் பட்டியல் ஒன்று பெட்டியில் இருந்தது. ஒரு நாள் பின்னேரம் வீட்டில் யாருமில்லாத நேரம் அதை எடுத்து, மொட்டைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து ஒத்துப்போகவில்லை. இரண்டாம் தரமும் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகும் இரண்டையும் சேர்த்து மடித்துத்தான் வைத்தேன்.

அடுத்த வருஷத்து நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் ஆளை ஆள் கட்டித் தழுவுவார்கள். வருஷம் முழுக்க முகம் பாராதவர்களும் அன்றைக்குத் தழுவினால் பகை முடிந்தது என்று அர்த்தம். நான் வழக்கம்போல் சுவரோரமாக நழுவினேன். வாசலில் செருப்பைத் தேடி நிமிர்ந்தபோது மச்சான் முன்னால் நின்றார். புதுச் சாறன், அத்தர் வாசம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வயதில் மூத்தவர் அவராக வந்திருந்தார்.

"கோவத்த விடு மச்சான்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் என்னை யாரும் அப்படித் தொடவில்லை. விலக வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அவருடைய இடது கை என் முதுகிலிருந்து இறங்கி வலது இடுப்புக்கு வந்தது. அங்கேயே நின்றது. வயற்காட்டில் பன்றிக்குத் துவக்குப் பிடித்த கை, அதற்குத் தெரியாதா. முகத்தை எடுக்காமல் என் காதுக்குள் கேட்டார்.

"இது எனக்கா மச்சான்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பட்டியல் ஞாபகம் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தாமதித்தேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது. கையை எடுத்தார், என் கோட்டை இழுத்துச் சரிசெய்து துவக்கை நன்றாக மறைத்துவிட்டார், போய்விட்டார்.

அந்தக் கிழமையே துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தேன். துருசுச் சாவியையும் திருப்பிக் கொடுத்தேன். என்னை வாய்க்காலில் மிதக்கவிட யாரும் வரவில்லை. மச்சான் இந்த விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை, தன் தங்கச்சிக்கும்கூட. அடுத்த பெருநாளுக்குக் கோட்டுப் போடாமல் போனேன். முற்றத்தில் எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். அவர் ஸலாம் சொல்லி, என் கைகளைத் தன் இரு கைகளாலும் பிடித்து, பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதற்குமேல் நெருங்க விடவில்லை. இரண்டு பெருநாள் அப்படிப் போயின.

மூன்றாவது பெருநாளுக்கு அவர் இல்லை. காய்ச்சல் ஒரு கிழமைதான் வைத்திருந்தது. மையித்தைக் குளிப்பாட்டச் சொந்தக்காரர் நான்கு பேர் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். உடம்பை இலேசாக எழுப்பி, முதுகுக்குப் பின்னால் ஆள் நின்று தாங்க வேண்டும். அந்த இடத்தை எனக்குத் தந்தார்கள். அவர் பாரமாக என் மார்பில் சாய்ந்தார். என் இடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"இல்ல மச்சான்" என்றேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஊற்றுங்கள் என்றேன்.