லேப்டாப்பில் ஒரு போகி

புது இயங்குதளத்துக்கு மாற்றியதும் என் லேப்டாப், வீட்டுப் பிரிண்டரை முன்பின் பார்த்திராததுபோல் நடந்துகொண்டது. பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பிவிடலாம் என்று படித்திருந்ததால் நான் பதறவில்லை. பொங்கலன்று, ஏழாம் நாள், உட்கார்ந்து பார்த்தால் திரும்பும் வசதியையே காணோம்.

"பழைய சிஸ்டம்னு ஒரு ஃபோல்டர் இடத்தை அடைச்சிட்டு இருந்துச்சு. நேத்து போகியாச்சேன்னு அழிச்சிட்டேன்" என்றார் கணவர், பெருமையாக. திரும்பிப் போகத் தேவையானதெல்லாம் அதில்தான் இருந்தது.

புனேயில் வானவடி பகுதியில் உள்ள எங்கள் அடுக்ககத்தில் எதையும் கொளுத்த விடமாட்டார்கள். அதனால் மனிதர் என் லேப்டாப்புக்குள் போகி கொண்டாடியிருக்கிறார். தூக்கிப் போடச் சொல்லி வருடாவருடம் நான் கெஞ்சும் ஓட்டைப் பனியனை, இதைச் சொல்லும்போதும் போட்டுக்கொண்டுதான் நின்றார்.