ஹாஜியார் வீட்டு அரளி

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாமாவின் பேரன் ஒரு படம் போட்டிருந்தான். மடவளையில் மாமா வீட்டு முன்வேலி. நீள நீளமான இலை, ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. படம் பிடித்துக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்று வந்திருக்கிறதாம். அதில் போட்டுப் பார்த்தானாம். நீரியம் ஒலியாண்டர், குடும்பம் அப்போசைனேசியே, இலை முதல் வேர் வரை நஞ்சு என்று அது சொல்லிவிட்டது. குழு கதிகலங்கிப் போனது. "யா அல்லாஹ், இவ்ளோ காலமும் இதயா வாசல்ல வெச்சீந்த!" என்று மச்சி முறையுள்ள ஒருத்தி எழுதினாள். அதற்குக் கீழே அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன.

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்தேன். கட்டிலில் பார்த்துத்தான் எறிந்தேன். எவ்வளவு கோபம் வந்தாலும் எனக்குப் பொருளின் விலை மறப்பதில்லை. ஆனால் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அந்த மச்சி உட்பட எல்லோருக்கும் அது விஷம் என்று இருபது வருஷத்துக்கும் மேலாகத் தெரியும். சொன்னவன் நான்.

நான் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்துப் பெய்லானவன். மறுபடி எடுத்தும் பெய்ல். ஆனாலும் உயிர்களை வகை பிரிக்கிற பாகுபாட்டியல் பாடம் மட்டும் ஏனோ தலையில் ஒட்டிக்கொண்டது. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆணியும் பெயின்டும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே மனதுக்குள் செடிகளைக் குடும்பம் பிரித்துக்கொண்டிருப்பேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கடை முதலாளி என்னை 'புரொபெசர்' என்றுதான் கூப்பிடுவார்.

அப்போசைனேசியே எனக்குப் பிடித்த குடும்பம். நல்லவர்களும் பொல்லாதவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பார்கள். நித்தியகல்யாணி அந்தக் குடும்பம். நந்தியாவட்டையும் அலமண்டாவும் அதுதான். விகாரை வாசல்களில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும், சிங்களவர் அரலிய என்கிற பூவும் அதுதான். ஆசையாகப் பறித்து உப்புப் போட்டுத் தின்கிற களாக்காய்கூட அதே குடும்பம் என்றால் நம்பவே மாட்டீர்கள். எருக்கை முதலில் வேறு குடும்பம் என்று தள்ளி வைத்திருந்தார்கள், பிறகு கூப்பிட்டு உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சள் அரளி இன்னொரு சாதியில் போய் உட்கார்ந்துவிட்டது. செவ்வரளிக்குத்தான் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நீரியம் என்ற சாதியில் அது ஒரே இனம். வாசமுள்ளதை ஓர் இனம், வாசமில்லாததை வேறோர் இனம் என்று ஒரு காலத்தில் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்களாம், கடைசியில் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுகட்டினார்கள். செடி விஷயத்தில் பிழை விட்டால் அறிவுள்ளவர்கள் அதை எல்லோருக்கும் தெரியத் திருத்துகிறார்கள்.

மாமா அந்தச் செடியை வாங்கியது குரங்குத் தொல்லையால். கண்டிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. பப்பாசி, கொய்யா, செம்பருத்தி மொட்டு, வெண்டிப்பூ, ஒன்றையும் விட்டுவைக்காது. கடுகண்ணாவைக்குப் போகிற ரோட்டோரம் பூக்கன்று விற்கிற ஒருவன், "இது ரோஸ் பே. குரங்கு கிட்டயும் வராது" என்று மாமாவின் தலையில் கட்டிவிட்டான். மாமா வேன் நிறையக் கன்றோடு வந்து இறங்கினார். நான் இலையைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் மூன்று மூன்றாக நின்றது.

"மாமா, இது அரளி. நஞ்சு" என்றேன்.

"அப்ப நல்லம்தானே, மருமவன். குரங்குட தொல்ல முடிஞ்ச" என்று சிரித்தார். அந்த மச்சியும் பக்கத்தில் நின்று சிரித்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாமா வீட்டின் பின்னால் ஓர் அறை உண்டு. அதில் வாடகைக்கு இருந்தவள் செல்வியக்கா. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். புருஷன் கண்டி டவுனில் மூட்டை இறக்கப் போவான், இவள் விடியப்புறம் இடியப்பம் அவிப்பாள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அப்போது காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற வீடு கிடையாது. வாழையிலை மூடிய பேசினோடு அவள் வருவாள், தேங்காய்ச் சம்பலின் வாசம் அவளுக்கு முன்னால் வரும். சோம்பேறிகளான நாங்கள் தட்டோடு வாசலில் நிற்போம். வெள்ளிக்கிழமைகளில் மாமாவிடம் கேட்டு அந்த வேலியில் நாலு பூப் பறித்துக்கொண்டு போய் அவளுடைய முருகன் படத்துக்கு வைப்பாள். "எங்க சாமிக்கு இதான் தம்பி புடிச்ச பூவு" என்பாள். அது அரளி என்று அவளுக்கும் தெரியும். ஆடு மாடு அதைத் தொடாது, கசக்கும் என்றுதான் எல்லோரையும் போல அவளும் நினைத்திருந்தாள்.

அப்போதெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முந்தியே குர்பான் ஆடு வீட்டுக்கு வந்துவிடும். வாங்கிய வீட்டுக்காரர் மட்டும் அதை வளர்ப்பதில்லை, ஒழுங்கையே வளர்க்கும். ஒரு வீட்டிலிருந்து பலா இலை வரும், இன்னொரு வீட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் வரும். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டு, பெருநாளன்று மூக்கைச் சிந்தி அழுவார்கள். அந்த வருஷம் மாமா வாங்கிய கிடாய்க்குச் சீனி என்று பெயர். வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்பக்கம் நிழலில் கட்டச் சொன்னார் உம்மா. உம்மா மாமாவின் தங்கை, அதே ஒழுங்கையில்தான் எங்கள் வீடும். மாமா கேட்கவில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்து, "ஹாஜியார்ட கிடாய் நல்லா ஈக்கி" என்று சொல்ல வேண்டாமா? கேற்றடியில், வேலி ஓரமாகக் கட்டினார். சாயந்தரமானால் செல்வியக்கா பலா இலைக் கொப்போடு வருவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே சீனி கத்தும்.

பெருநாள் நெருங்கியதும் மாமா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார், கேற்றுக்குப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் என் கடையில் வாங்கியதுதான். வேலியையும் தானே கத்தரித்தார். வெட்டிய கொப்புகளைக் கேற்றடியில் குவித்துவிட்டு, பிறகு எரிக்கலாம் என்று விட்டார். அவை வெயிலில் வாடிக் கிடந்தன. பக்கத்தில் செல்வியக்கா போட்ட பலா இலையும் கிடந்தது. கயிறு இரண்டுக்கும் எட்டும்.

ஒரு நாள் விடிந்தபோது சீனி காலை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை.

மாமா கேற்றைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார். செல்வியக்கா பேசினோடு வந்துகொண்டிருந்தாள். தட்டோடு வாசல்களில் நின்ற அத்தனை பேரும் கேட்க மாமா கத்தினார்:

"நேத்து பின்னேரம் என்னத்த குடுத்த இதுக்கு? என்னத்த கலந்த? ஒங்கட ஆக்கள நம்பி ஊட்டுல வெச்ச ஏன்ட பிழ!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஆட்டைப் பார்த்ததும் பேசினைக் கீழே வைத்தாள். "ஐயோ, ஹாஜியாரே, நான் பலா எலதாங்க போட்டேன். சத்தியமாங்க. புள்ள மாதிரி பார்த்தேங்க அத" என்றாள். மாமா காதில் வாங்கவில்லை. 'ஒங்கட ஆக்கள்' என்பதை இன்னும் இரண்டு தரம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். விஷம் வைத்தவள் என்று பெயர் எடுத்தவளிடம் யார் இடியப்பம் வாங்குவார்கள்?

அவள்மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்று மாமாதான் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தார். பின்பக்கம் பலா மரத்தடியில் வைத்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார் அவர். சிங்களவர், நல்ல மனிதர். மென்று பாதியான இலைத் துண்டுகளை வெளியே எடுத்து, கழுவி, மாமாவின் முன்னால் பிடித்தார். குறுகின, தடித்த, நடுநரம்பு எழும்பிய இலை. தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தார்.

"மே கணேரு நே, ஹாஜி" என்றார். கணேரு என்றால் அரளி. பிறகு உடைந்த தமிழில் சொன்னார்: "பச்சை தின்னாது. வாடினது தின்னும். கசப்பு தெரியாது."

அங்கே நின்றது மாமா, உம்மா, நான் மூன்று பேர்தான். வைத்தியர் போனதும் உம்மா அண்ணனைப் பார்த்து, "நானா, ரோட்டுக்குப் பெய்த்து ஒங்கட வாயால செல்லுங்கோ. அவள்ட வயித்துல அடிச்சீக்கிற" என்றார்.

"பெருநாள் முடியட்டும்" என்றார் மாமா. "ஆருக்கும் செல்ல வாணாம். கேட்டா சிரிப்பாங்க."

சிரிப்பார்களாம்! அவருக்கு அதுதான் பிரச்சினை. நான் அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆட்டின் வயிற்றில் இருந்தது வேலியின் இலை என்றேன், நீரியம், அப்போசைனேசியே என்று என் மூளை கெட்ட கேட்டுக்கு லத்தீனும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். "ஹாஜியார் ஒண்டும் செல்லல்லயே" என்றார்கள். எங்கள் ஒழுங்கை அப்படி. பள்ளிவாசல் விஷயமோ கல்யாண விஷயமோ, மாமா சொன்னால்தான் சொன்னது. அவர் போட்ட பழியை அவர்தான் எடுக்கவேண்டும். இரண்டு தரம் பெய்லானவனின் பேச்சு எடுபடுமா?

அடுத்த நாள் காலை செல்வியக்கா வழக்கம்போல வந்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. உம்மா மட்டும் போனார். போய் ரோட்டில், மாமா வீட்டுக் கேற்றுக்கு நேரே, ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் ஜன்னல் வழியே பார்க்க இடியப்பம் தின்றார். அதற்கு அடுத்த நாளும் தின்றார். நீரிழிவுக்காரியான உம்மா தினமும் அப்படிச் செய்தார். என்னையும் தின்னச் சொன்னார், நானும் தின்றேன். ஆனால் ஓர் ஒழுங்கை தின்கிற இடியப்பத்தை இரண்டு பேர் தின்று முடிக்க முடியுமா?

பெருநாளுக்கு மாமா வேறொரு கிடாய் வாங்கினார். இறைச்சி பங்கு வைத்தபோது, நல்ல தொடைத் துண்டாகப் பார்த்து ஒரு பொதி கட்டி, "அந்தப் பொம்பளக்கி குடுத்துட்டு வா" என்று என்னிடம் நீட்டினார். அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தார் போல.

செல்வியக்கா அறை வாசலில் இடியப்பத் தட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். பொதியைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"எறச்சி வேணாங்க, தம்பி. ரோட்டுல ஏசுனாருல்ல, ரோட்டுல வந்து சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

அப்படியே போய் மாமாவிடம் சொன்னேன். அவர் இறைச்சியை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். அந்தக் கிழமையே அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள். அப்புத்தளைப் பக்கம் தங்கச்சி வீடு என்றார்கள். ஒரு லீவு நாளில் போய்த் தேடினேன். அங்கிருந்தும் வேறெங்கோ போய்விட்டார்கள் என்றார்கள்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் ஆடு கட்டுகிறவர் இல்லை. ஏழு பேர் சேர்ந்து மாட்டுக்குப் பங்கு போடுகிறார்கள், யாரோ அறுக்கிறார்கள், பொலித்தீன் பையில் இறைச்சி வருகிறது. காலையில் பேக்கரிப் பாண் விற்கிற த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. சம்பல் வாசம் என்பதே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். சாய்வு கதிரையில் கிடந்தார், மூளை மட்டும் தெளிவு. "மாமா, ஆட்ட கொன்ட அவ இல்ல எண்டு ஒங்களுக்கு அண்டைக்கே தெரியும். இப்ப சரி செல்லுங்கோ. ரோட்டுல நிண்டு செல்லுங்கோ" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, பேரன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான்.

மாமா கேற்றுக்கு வெளியே பார்த்தார்.

"யாருக்குடா செல்ற?" என்றார். "அண்டைக்கு கேட்டவங்க ஒத்தர் சரி இப்ப ஈக்கியா?"

நானும் பார்த்தேன். எதிர்வீட்டை விற்றுவிட்டுத் தெஹிவளைக்குப் போய்விட்டார்கள், அதில் போன் திருத்துகிற கடை. அடுத்த வீட்டில் புருஷன் பெண்சாதி இருவரும் மௌத்தாகிப் போய்விட்டார்கள், பிள்ளைகள் கட்டாரில். மூலை வீடு பூட்டிக் கிடக்கிறது. கதிரை போட்டு உட்கார்ந்த உம்மாவும் மௌத்தாகி வருஷங்கள் ஆகின்றன. மாமா சொன்னதில் பொய்யில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தீரும்வரை, இத்தனை வருஷமும் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.