ஒரு வளவுக்கு ஓர் அழைப்பு

சமாதான காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் வில்லங்கம் ஒரு டேற்றாபேஸ், லப்டொப்புக்குள் கணக்கும் பட்டியலும் வைக்கிற பெட்டி. இவருக்கு, என்ரை மனுசனுக்கு, முல்லைத்தீவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை. "கொம்பியூட்டர் கோட் ஒண்டும் எழுதத் தேவையில்லை, ஸ்கிரீனிலை பெட்டியளை இழுத்து விட்டாச் சரி" என்று ஆரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது. முதலில் அலுவலகம் கொடுக்கிற கூடாரத் தறப்பாள்களும் கூரைத் தகரங்களும் பெட்டிக்குள் போயின. பிறகு என்ரை குசினி போனது. மிளகாய்த்தூள் முடிந்தால் எனக்கு முதல் லப்டொப்புக்குத் தெரிய வேண்டுமாம். முள்ளியவளையில் எங்களுக்குக் கறண்ட் இல்லை. அலுவலக ஜெனரேற்றரில் சார்ஜ் ஏற்றி வந்தால்தான் அது வாய் திறக்கும். அதுக்குள் நான் போத்தலைத் திறந்து பார்த்துவிடுவேன்.

இப்படியிருக்க, இவருடைய தங்கைக்குக் கலியாணம் சரிவந்தது. மாமிக்கு, அதுதான் இவருடைய தாய்க்கு, ஒரே ஆசை. நெடுங்கேணியில் இருக்கும் தன் தமக்கை வந்து முன்னுக்கு இருக்க வேண்டும். இடம்பெயர்ந்து ஓடின நேரம் இரண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தர்க்கம். வருசக்கணக்காய்க் கதை பேச்சில்லை. "இந்தக் கலியாணத்தைச் சாட்டி அக்காவோடை கதைச்சிடோணும் பிள்ளை" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லி அழுதா.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வாயால் சொல்ல வேண்டும். புருசனும் பெண்சாதியுமாய் வீடு வீடாய்ப் போய், குங்குமம் சந்தனம் கொடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூடப்பிறந்ததும் வராது. இவர் சும்மா விடுவாரா? சொந்தக்காரர் எல்லாரையும் பெட்டிக்குள் போட்டார். ஒரு முகவரி ஒருதரம்தான் வரலாம் என்று கட்டளையும் வைத்தார். ஒரே இடத்துக்கு இரண்டு தரம் போய்ப் பெற்றோலைக் கரியாக்கக் கூடாதாம். நெடுங்கேணிக்குப் போய்ச் சொல்லுகிற வேலை, இவருடைய சித்தப்பாவின் மகனுக்கும் அவனுடைய புதுப் பெண்சாதிக்கும் விழுந்தது.

"நெடுங்கேணிக்கு நானே போறன் தம்பி," என்றா மாமி.

"ஏனம்மா பஸ்ஸிலை இடிபடுறியள்? எல்லாம் ஒழுங்கு."

மாமியும் விட்டுவிட்டா.

கலியாணத்தன்று மாமியின் கண் படலையிலேயே கிடந்தது. தமக்கையின் மச்சான் குடும்பம் வந்தது. "எங்களோடை வாங்கோ எண்டு கூப்பிட்டனாங்கள், அவ வரமாட்டன் எண்டிட்டா," என்றார்கள். எனக்கு நெஞ்சு பத்தி எரிந்தது. பிள்ளையின் கலியாணத்துக்குமா கோவம்? தாலி கட்டுகிற நேரம் மாமி அழுதா.

மறுநாள் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு மாமியும் நானும் நெடுங்கேணிக்கு பஸ் ஏறினோம். அந்த வளவில், ஒரே வேலிக்குள், முன்னுக்கு அந்த மச்சானின் கல்வீடு, பின்னுக்குப் பெரிய மாமியின், அதுதான் மாமியின் தமக்கையின், கிடுகு வேய்ந்த கொட்டில். பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஒரே வளவு, ஒரே முகவரி. பெட்டி முன்வீட்டை வைத்துக்கொண்டு பெரிய மாமியைத் தள்ளிவிட்டது. ஓடிவந்த சனம் ஒரு வளவுக்குள் நாலு அடுப்பு மூட்டுகிறது ஊர் உலகத்துக்கே தெரியும். அந்தச் சனத்துக்குத் தறப்பாள் கொடுத்துச் சம்பளம் எடுக்கிற என்ரை மனுசனுக்குத் தெரியவில்லை!

"முன்வீட்டுக்குச் சொல்ல வந்ததைக் கண்டனான்," என்றா பெரிய மாமி. "இஞ்சாலையும் வருவினம் எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சனான். மோட்டச்சைக்கிள் திரும்பிப் போட்டுது."

"ஐயோ அக்கா, அது தம்பியின்ரை மிசின் செய்த பிழை!" மாமி பதறிப்போனா. நானும் சேர்ந்து பெட்டி, முகவரி, கட்டளை எல்லாம் விளங்கப்படுத்தினேன். பெரிய மாமி வடிவாய்க் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தா.

"மிசினை விடடி. ஒரு பஸ் ஏறி நீ வந்து சொல்லியிருக்கலாமே?"